காப்பு கட்டுபவர் யார்?



இந்த மாதம் நான் பேச எடுத்துக்கொண்ட வாசகம் எந்தத் திருமுறையிலும் இல்லை. நம் கைப்பேசியில் இருக்கிறது. முகநூலைத் தள்ளிக்கொண்டே போகும்போது நடுவில் ஒரு விளம்பரம் வரும். தங்கக் காசு கொட்டும், சிங்கம் உறுமும், யாரோ ஒருவர் பத்தாயிரம் வெள்ளி ஜெயித்ததாக ரசீது காட்டுவார். எல்லாவற்றுக்கும் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: "பொறுப்போடு விளையாடுங்கள்."

ஆன்லைன் கசினோ நடத்துகிறவரே நம்மைப் பார்த்து ‘பொறுப்பா இருப்பா’ என்று சொல்கிறார். இது அக்கறையா, வேஷமா? நம்முடைய சமயம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? நான் பொறியியல் படிக்கிற மாணவன், சாஸ்திரம் கரைத்துக் குடித்தவன் இல்லை. ஆனால் செர்காமிலும், மெர்லிமாவிலும், ஜாசினிலும் நம் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் இந்த விஷயத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று நம் எல்லாருக்குமே தெரியும். தெரிந்தும் கோயிலில் யாரும் பேசுவதில்லை. அதனால் பேசிவிடலாம்.

கருவிகள் என்னென்ன?

திட்டுவதற்கு முன்னால் எதைத் திட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உலகத்தில் சில நாடுகளில் ஆன்லைன் சூதாட்டத்துக்குச் சட்டப்படி உரிமம் உண்டு. அங்கே நடத்துகிறவர்கள் சில பாதுகாப்புக் கருவிகளைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, வரம்பு. ஒரு நாளைக்கோ ஒரு மாதத்துக்கோ இவ்வளவுதான் பணம் போடுவேன் என்று ஆடுகிறவரே முன்கூட்டியே வைத்துக்கொள்வது. பிரிட்டனில் இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வரம்பைக் குறைக்கச் சொன்னால் உடனே குறைப்பார்கள். கூட்டச் சொன்னால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் அதே ஆசை இருக்கிறதா என்று பார்க்கிற ஏற்பாடு அது.

இரண்டாவது, நினைவூட்டல். இத்தனை நேரமாக ஆடுகிறாய், இவ்வளவு போயிருக்கிறது என்று திரையில் வந்து நிற்பது. மூன்றாவது, ஓய்வு. ஒரு நாளோ ஒரு வாரமோ கணக்கைப் பூட்டி வைப்பது.

நான்காவதுதான் பெரியது, தன்னைத்தானே விலக்கிக்கொள்வது. பிரிட்டனில் ‘கேம்ஸ்டாப்’ என்று ஒரு பதிவு முறை இருக்கிறது. அதில் பெயர் கொடுத்தால் ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று நீங்கள் கேட்ட காலம் வரை, அங்கே உரிமம் பெற்ற எந்த ஆன்லைன் தளமும் உங்களை உள்ளே விடக்கூடாது. 2020 மார்ச் 31 முதல் எல்லா உரிமதாரர்களுக்கும் இது கட்டாயம். பாதியில் மனம் மாறி அழுதாலும் அந்தக் காலம் முடியும்வரை திறக்க மாட்டார்கள்.

நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 2010-இல் இரண்டு கசினோக்கள் திறந்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 2005-இல், சூதாட்டப் பிரச்சினைக்கென்று ஒரு தேசிய மன்றத்தை அமைத்துவிட்டார்கள். அந்த மன்றத்திடம் ஒருவர் தன்னைத்தானே விலக்கச் சொல்லலாம். அதைவிட முக்கியம், மனைவியோ, அப்பா அம்மாவோ, பிள்ளையோ, உடன்பிறந்தவர்களோ போய், ‘எங்கள் வீட்டு ஆளை உள்ளே விடாதீர்கள்’ என்று விண்ணப்பிக்கலாம். உள்ளூர்க்காரர்கள் கசினோவுக்குள் கால் வைக்கவே நுழைவுவரி கட்ட வேண்டும். முதலில் ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி, 2019 முதல் 150.

தமிழ்நாட்டிலும் நிறைய நடந்தது. 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள், 2023-இல் சட்டம் வந்தது. 2025-இல் வந்த விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மூடி வைக்க வேண்டும் என்றன. கம்பெனிகள் வழக்குப் போட்டும் சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் அந்த விதிகள் செல்லும் என்று சொன்னது. அதே வருடம் ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நம் கோயில் காப்புதான்.

காப்பின் மூன்று லட்சணம்

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நூல்தான், இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் அதைக் கையில் கட்டிவிட்டால் கவிச்சி சாப்பிட மாட்டோம், பாயில் படுப்போம், திருவிழா முடியும்வரை ஊரைத் தாண்ட மாட்டோம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் காவடி எடுக்கிற அண்ணன்மாரைக் கேட்டுப் பாருங்கள். அலகு குத்துவதைவிட அதற்கு முன்னால் விரதத்தைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்பார்கள்.

ஒரு நூலுக்கு எப்படி இவ்வளவு பலம் வந்தது? யோசித்துப் பார்த்தால் மூன்று காரணம் தெரிகிறது.

ஒன்று, மனசு தெளிவாக இருக்கும்போதே கட்டிக்கொள்கிறோம். பசி வந்த பிறகு யாரும் விரதம் ஆரம்பிப்பதில்லை.

இரண்டு, நடுவில் நாமாக அவிழ்க்க முடியாது. அதற்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு முறை இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். காப்பைக் கட்டிவிடுகிறவருக்கு நாம் விரதம் முறிப்பதால் ஒரு சென் லாபம் கிடையாது. பூசாரி ஐயாவுக்கோ, ஊருக்கோ, அம்மனுக்கோ நாம் தவறினால் வருத்தம்தான் மிச்சம். அதனால்தான் அவர்கள் கட்டினால் அது காப்பு. கறிக்கடைக்காரர் வந்து, ‘நான் கட்டி விடுறேன், அவிழ்க்கணும்னா என்கிட்டேயே சொல்லு, எந்த நேரமும் அவிழ்த்து விடுறேன்’ என்று சொன்னால் அதற்குப் பெயர் காப்பா?

பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் விலக்கு கொஞ்சமாவது வேலை செய்கிறது என்றால், பெயர்ப் பட்டியலை வைத்திருப்பது கசினோ முதலாளி இல்லை, வேறு ஓர் அமைப்பு. முதலாளி நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே அங்கே வேண்டாம். மூன்றாவது லட்சணத்தை அவர்கள் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

செர்காமுக்கு வருகிற கசினோ

இப்போது நம் கதைக்கு வருவோம். மலேசியாவில் உரிமம் பெற்ற கசினோ ஒன்றே ஒன்றுதான், கெந்திங் மலையில். நம் கைப்பேசிக்கு வருகிற ஆன்லைன் கசினோ எதற்கும் இந்த நாட்டில் உரிமம் இல்லை. நம்மிடம் இருப்பது 1953-ஆம் ஆண்டின் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டமும். இணையம் என்ற வார்த்தையே இல்லாத காலத்தில் எழுதியவை. சூதாட்ட இல்லத்தில் ஆடுகிறவருக்கும் 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உரிமம் இல்லை என்றால் மேலே சொன்ன கருவிகளைக் கட்டாயப்படுத்த ஆளும் இல்லை. அதிகாரிகள் ஒரு தளத்தை அடைத்தால் மறுநாள் பெயருக்குப் பின்னால் ஒரு நம்பரைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கும். அதில் இருப்பது ஒன்றே ஒன்று, கஸ்டமர் சர்வீஸ். அதுவும் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் இருக்கிறார். ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். இரவு ஷிப்ட் ஓய்வு நேரத்தில் இருபது வெள்ளியில் ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் மோட்டாரை விற்றார். இ.பி.எஃப். மூன்றாம் கணக்கில் சேரச் சேர எடுத்துப் போட்டார். அப்புறம் ஆலோங். வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிய பிறகுதான் அவர் அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது.

அந்த அண்ணன் அந்தத் தளத்தின் கஸ்டமர் சர்வீஸுக்கு அனுப்பிய செய்திகளை எனக்குக் காட்டினார். பணம் போடுகிறேன் என்று எழுதினால் அரை நிமிடத்தில் பதில், ‘ஹாய் பாஸ்கூ’ என்று தொடங்கி, யாரோ ஒரு தனி ஆளின் பேரில் உள்ள வங்கிக் கணக்கு நம்பர். ஜெயித்த பணத்தை எடுக்கிறேன் என்று எழுதினால், ‘கொஞ்சம் பொறுங்க பாஸ், சிஸ்டம் சரி பண்றாங்க’. ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு அவர் எழுதியிருக்கிறார்: ‘என் கணக்கை மூடிவிடுங்கள். நான் திரும்பக் கேட்டாலும் திறக்காதீர்கள்.’

தம்பிகளே, அந்த வரியைக் கவனியுங்கள். நான் திரும்பக் கேட்டாலும் திறக்காதீர்கள். ஒரு மனிதன் காப்புக் கட்டச் சொல்லித் தன் கையை நீட்டுகிறான்.

பதில் வந்தது. ‘ஓகே பாஸ், நோ ப்ராப்ளம்.’ கூடவே ஒரு மஞ்சள் இதயம். மூன்றாம் நாள் அதே நம்பரிலிருந்து இன்னொரு செய்தி: ‘பாஸ், உங்களை மிஸ் பண்றோம். உங்களுக்காக மட்டும் 38 வெள்ளி ஃப்ரீ கிரெடிட்.’

கறிக்கடைக்காரர் கட்டிய காப்பு அப்படித்தான் இருக்கும்.

இலவசத்தின் கணக்கு

இந்த ‘ஃப்ரீ’ என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொறியியல் மாணவனுக்கு இதுகூட முடியாவிட்டால் எப்படி?

நீங்கள் 50 வெள்ளி போடுகிறீர்கள், போனஸாக 50 தருகிறார்கள் என்று வையுங்கள். கையில் 100. ஆனால் ‘டர்ன்ஓவர் 20 மடங்கு’ என்று ஒரு நிபந்தனை இருக்கும். அதாவது மொத்தம் 2,000 வெள்ளிக்குப் பந்தயம் கட்டி முடித்தால்தான் பணத்தை வெளியே எடுக்கலாம். அந்த எந்திரம் கட்டிய பணத்தில் சராசரியாக நூற்றுக்கு 96-ஐத் திருப்பித் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நாலு அவர்களுக்கு. 2,000 வெள்ளிக்கு நாலு சதவீதம் 80 வெள்ளி. மிச்சம் 20. ஐம்பது போட்டவர் இருபதோடு வெளியே வருகிறார், அதுவும் சராசரிக் கணக்கில். நடுவிலேயே பூஜ்யமாகி எழுந்து போகிறவர்கள்தான் பலர். இது எந்திரம் நேர்மையாக இருந்தால். உரிமம் இல்லாத தளத்தில் அந்த 96 உண்மைதானா என்று சோதிக்க யார் இருக்கிறார்?

திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார், 94-ஆவது. தோல்வியைச் சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன்னால், வெற்றியே வேண்டாம் என்கிறார். சூதில் வருகிற வெற்றி, மீன் விழுங்குகிற தூண்டில் முள் மாதிரி என்பது அவர் கருத்து. செர்காம் பந்தாயில் சுட்ட மீன் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதற்கு உரை வேண்டாம். முள்ளில் இரை இல்லாமல் எந்த மீனும் வராது. 38 வெள்ளிதான் இரை. இன்னொன்றையும் பாருங்கள், கள்ளுண்ணாமைக்கு அடுத்தது சூது, சூதுக்கு அடுத்த அதிகாரம் மருந்து. அவர் எந்தக் கணக்கில் வரிசைப்படுத்தினாரோ, எனக்கு அது ஆறுதலாக இருக்கிறது. சூதுக்குப் பக்கத்திலேயே மருந்தும் இருக்கிறது.

விதுரர் கொண்டுபோன அழைப்பு

மகாபாரதத்தில் சபா பருவத்தைத் திரும்பப் படியுங்கள். சகுனியையும் துரியோதனனையும் நமக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது விதுரரைப் பற்றி.

சூது குலத்தை அழிக்கும் என்று திருதராஷ்டிரனிடம் முதலில் சொன்னவர் விதுரர். கேட்டானா? கேட்கவில்லை. அதோடு விட்டானா? இந்திரப்பிரஸ்தத்துக்குப் போய்த் தருமரைச் சூதுக்கு அழைத்து வா என்று அந்த விதுரரையே அனுப்பினான். அவரும் போனார். அழைப்பையும் சொன்னார், இது கேடு என்பதையும் சொன்னார். ஒரே வாயால் இரண்டும். தருமர் எச்சரிக்கையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அழைப்புக்குப் புறப்பட்டுவிட்டார்.

விளம்பரத்தின் அடியில் இருக்கிற அந்த எறும்பு எழுத்தும் இதேதான். விதுரர் சொன்னது பொய்யில்லை, அவர் மனசும் சுத்தம். ஆனால் அழைப்போடு சேர்ந்து வந்த எச்சரிக்கைக்கு அன்றைக்கே பலம் இல்லை. ஆட்டத்தின் நடுவிலும் விதுரர் எழுந்து நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். துரியோதனன் அவரை அவமானப்படுத்தினான். சபையின் சொந்தக்காரனான திருதராஷ்டிரனோ, வெளியே நடுநிலை மாதிரி உட்கார்ந்துகொண்டு, ‘ஜெயித்தாயிற்றா, ஜெயித்தாயிற்றா’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். நிறுத்துகிற அதிகாரம் இருந்தவனுக்கு ஜெயிப்பதில் ஆசை. எச்சரித்தவருக்கு அதிகாரம் இல்லை. காப்பின் மூன்றாவது லட்சணம் அந்தச் சபையில் இல்லை.

அப்புறம் என்ன நடந்தது? பாஞ்சாலியின் கண்ணீருக்குப் பயந்து திருதராஷ்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான். நாடு வந்தது, மானம் தப்பியது, பாண்டவர்கள் ஊர் திரும்பினார்கள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் பாதி வழியில் ஒரு தூதன் பின்னாலேயே வந்தான். ‘இன்னும் ஒரே ஓர் ஆட்டம், மன்னர் கூப்பிடுகிறார்.’ தருமர் திரும்பினார். பன்னிரண்டு வருடம் காடு, ஒரு வருடம் தலைமறைவு.

மூன்றாம் நாள் வந்த ‘உங்களை மிஸ் பண்றோம்’ செய்திக்கும் அந்தத் தூதனுக்கும் என்ன வித்தியாசம்? முதல் ஆட்டத்தில் தோற்றவர்கள் எல்லாரும் அழிந்துவிடுவதில்லை. தப்பித்து வந்தபின் கூப்பிடுகிற குரலுக்குத் திரும்புகிறார்கள் பாருங்கள், அங்கேதான் காடு ஆரம்பிக்கிறது. தருமரைவிடப் பொறுமைசாலியா நாம்? அவராலேயே முடியவில்லை என்றால், ‘எனக்குக் கண்ட்ரோல் இருக்கு’ என்று சொல்வதை நாம் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம்.

"மூர்க்க நாயனார் ஆடினாரே?"

இதைப் பேசினால் தேவார வகுப்புக்குப் போன தம்பி ஒருவர் கட்டாயம் கேட்பார்: ‘அறுபத்து மூவரில் ஒருவரே சூதாடினாரே?’ நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

சேக்கிழார் சொல்கிற கதை இது. திருவேற்காட்டு மூர்க்க நாயனார் அடியார்களுக்கு அன்னமிட்டே சொத்தையெல்லாம் தீர்த்துவிட்டார். அன்னதானம் நிற்கக்கூடாதே என்று, முன்பு கற்றிருந்த சூதை ஆடினார். சொந்த ஊரில் அவரோடு ஆட ஆளே இல்லாமல் போனது. ஊர் ஊராகச் சென்று குடந்தைக்கு வந்தார். வென்ற பொருளைத் தம் கையால் தொடவில்லை, சமைப்பவர்களே வாங்கிக்கொண்டார்கள். அடியார்கள் உண்டபின் கடைசிப் பந்தியில்தான் அவர் உட்கார்ந்தார்.

சரி, அவர் எப்படி ஆடினார் தெரியுமா? முதல் ஆட்டத்தில் தாம் தோற்று எதிராளியை ஜெயிக்க விடுவார். அதற்குப் பிறகு வருகிற ஆட்டங்களை எல்லாம் தாமே ஜெயிப்பார்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையில் நாம் யார்? முதல் ஆட்டத்தை நம்மை ஜெயிக்க விடுவது யார்? சொந்த ஊரில் ஆள் கிடைக்காமல் பெயரை மாற்றிப் புது ஊருக்குப் போவது யார்? கைப்பேசியின் அந்தப் பக்கத்தில் இருப்பவன்தான் அந்தத் தந்திரத்தை வைத்திருக்கிறான். நாம் மூர்க்கரின் இடத்தில் இல்லை தம்பி, அவரிடம் தோற்றுப் போனவர்களின் இடத்தில் இருக்கிறோம். அவனிடம் மூர்க்கரின் தந்திரம் இருக்கிறது, அன்னதானம் மட்டும் இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. சாமியிடம் நம்பர் கேட்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மரத்தடியிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூஜை போட்டு நாலு நம்பர் கேட்கிறார்கள். கனவில் பாம்பு வந்தால் என்ன நம்பர் என்று பேசுகிறார்கள். பெரியவர்கள் செய்கிறார்களே என்று பிள்ளைகள் ஸ்லோட் அழுத்தும் முன் முருகா என்கிறார்கள். ஒருவர் ஜெயிக்க ஆயிரம் பேர் தோற்க வேண்டும் என்பதுதான் அந்த நம்பரின் இலக்கணம். மற்ற பிள்ளைகளின் வயிற்றில் அடித்து எனக்குக் கொடு என்று ஒரு தாயிடம் கேட்கலாமா? அவள் எல்லாருக்கும் தாய்தானே.

அந்தப் பக்கம் இருப்பவரும் நம் பிள்ளை

‘ஹாய் பாஸ்கூ’ என்று எழுதுகிற விரலை நாம் பார்ப்பதில்லை. அதுவும் இருபது இருபத்திரண்டு வயது விரல்தான். படித்து முடித்து வேலை தேடுகிற நம் பிள்ளைகளுக்கு இப்படி விளம்பரம் வருகிறது: கஸ்டமர் சர்வீஸ் வேலை, அனுபவம் தேவையில்லை, தங்குமிடம் இலவசம், நல்ல சம்பளம், வெளிநாடு. அப்படி நம்பிப் போய்க் கம்போடியாவிலும் மியன்மாரிலும் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து அடைபட்டுக் கிடந்த மலேசியர்களை மீட்டு வந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அடைபடாமல் சொந்த ஊரிலேயே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்கிறவர்களும் உண்டு. வங்கிக் கார்டை மாதம் சில நூறு வெள்ளிக்கு வாடகைக்குக் கொடுக்கிற பிள்ளைகளும் உண்டு. அதுவும் குற்றம்தான்.

‘நான் ஆடலையே, பதில் மட்டும்தானே சொல்றேன்’ என்பார்கள். திருதராஷ்டிரன் அனுப்பிய தூதனும் பதில் மட்டும்தான் சொன்னான். விடியற்காலை நாலு மணிக்கு ஒருவன் கையை நீட்டும்போது, அதில் 38 வெள்ளியை வைக்கிற வேலைக்கு என்ன சம்பளம் கொடுத்தாலும் அந்தப் பணத்தில் வாங்கிய பூவை அம்மனுக்குச் சாத்த முடியாது.

நாமே கட்டுவோம்

நம் நாட்டில் இதற்குச் சட்டம் கட்டித்தருகிற காப்பு இல்லை. அதற்காகக் கையை விரித்துவிட முடியுமா? காப்பின் மூன்று லட்சணத்தையும் நம் வீட்டிலேயே கொண்டுவரலாம்.

நான் சொன்ன அந்த அண்ணன் செய்தது இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை, சம்பளம் வருவதற்கு முன்பே, மனசு தெளிவாக இருந்தபோது, தன் தங்கையை உட்கார வைத்துப் பேசினார். வங்கிக் கார்டும் வங்கிச் செயலியும் தங்கையிடம் போயின. தினமும் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் கையில் காசு. ஒரு நாளில் மாற்றக்கூடிய தொகையை வங்கிச் செயலியிலேயே ஆகக் குறைவாக வைத்தார்கள். கைப்பேசியில் ‘பெட்பிளாக்கர்’ என்ற இலவசச் செயலியைப் போட்டார்கள். அது சூதாட்டத் தளங்களைத் திறக்க விடாது, நாம் வைத்த காலம் முடியும்வரை நீக்கவும் சுலபத்தில் விடாது. அந்த வாட்ஸ்அப் நம்பர்களை எல்லாம் அடைத்துவிட்டு, கைப்பேசி எண்ணையே மாற்றினார். பிறகு கோயிலுக்குப் போய்ச் சங்கல்பம் செய்துகொண்டார்.

தங்கைக்கு அவர் தவறுவதால் லாபம் உண்டா? ஒரு சென்கூடக் கிடையாது. அதனால்தான் அது காப்பு.

எட்டு மாதம் ஆகிறது. முடிந்துவிட்டது என்று அவரும் சொல்லவில்லை, தங்கையும் சொல்லவில்லை. கடன் பாதிதான் அடைந்திருக்கிறது. இன்னும் இரவு ஷிப்ட் ஓய்வு நேரத்தில் விரல் தன்னால் அசைகிறது என்கிறார். அந்த நேரத்தில் தங்கைக்கு ஒரு செய்தி அனுப்புவார். அவள் விழித்திருந்தால் திட்டுவாள், தூங்கினால் காலையில் திட்டுவாள். இதைவிட நல்ல கஸ்டமர் சர்வீஸ் எனக்குத் தெரியாது.

மாட்டியிருக்கிற தம்பி யாராவது இதைப் படித்தால், மூன்று விஷயம். கடனை மறைக்க இன்னொரு கடன் வாங்காதே, வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவிடு. வங்கிக் கடன் நெருக்கினால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பு இலவசமாக உதவுகிறது. மனசு உடைந்து, வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 15555 என்ற ஹீல் எண்ணைக் கூப்பிடு. அழைப்பை எடுக்கிறவருக்கு உன் தோல்வியில் லாபம் இல்லை.

நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது, கவிச்சியை விடுகிறோம் என்பதோடு கைப்பேசிச் சூதையும் விடுகிறோம் என்று சேர்த்துச் சொல்ல வையுங்கள். கோயிலில் இதைச் சத்தமாகச் சொன்னாலே பாதி வெட்கம் போய்விடும். வெட்கம் போனால்தான் மறைத்து வைத்தவன் வாயைத் திறப்பான். அப்படி ஒருவன் வந்தால் அவனுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். அவன் கார்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலையில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

எல்லாம் வல்ல அம்மன் நம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

திருச்சிற்றம்பலம்.